சேச்சியின் மூச்சுக்கு எழுதிய மடல்

எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் முதலில் பந்தல்காரருக்குச் சொல்வார்கள், அடுத்தது சமையல்காரருக்கு, அதற்கப்புறம் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். மட்டாஞ்சேரியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் தெரு இது. தாலி கட்டி முடிந்ததும் மணமக்களுக்கு ஒரு வாழ்த்து மடல் வாசித்து, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்பது இங்கே வழக்கம். மடல் இல்லாத கல்யாணத்தைப் பாயசம் இல்லாத கல்யாணத்தைப் பேசுவதுபோலப் பேசுவார்கள். அந்த மடலை எழுதுகிறவள் நான்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தமிழில் பேசுவார்கள், தமிழில் சண்டை போடுவார்கள், எழுதும்போது மட்டும் மலையாளத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் மருந்துக் கடையில் பில் போடுகிற எனக்குக் கல்யாண மாதங்களில் மட்டும் புலவர் மரியாதை கிடைக்கும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொய் சொல்வானேன்.

மரியாதைக்குத் தகுந்த மாதிரி எழுத வேண்டாமா? எழுதினேன். 'கடலலை தாலாட்டும் கொச்சித் திருநகரில், கனிவும் பணிவும் கைகோத்து நடக்கும் குடியில் தோன்றி, கல்வியெனும் கழனியைக் கருத்தாய் உழுது, கண்டோர் வியக்கும் குணநலன் கொண்டு...' என்று ஆரம்பித்தால் பக்கம் முடியும்வரை முற்றுப்புள்ளி கிடையாது. மணமகள் பெயரை மாற்றினால் போதும், எந்தக் கல்யாணத்துக்கும் பொருந்தும். அதையும் நான் ஒரு வசதியாகத்தான் நினைத்திருந்தேன்.

எழுதுவது நானானாலும் வாசிப்பது நானில்லை. பெண்ணுக்கு அத்தை முறையுள்ளவர்தான் மேடையேறி வாசிக்க வேண்டும். அது அத்தையின் உரிமை. மைக்கை வேறு யாராவது தொட்டால் அன்றைக்கே உறவு முறிந்துவிடும். ஆனால் தெருவின் அத்தைமார் யாருக்கும் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆகவே நான் முதலில் தமிழில் எழுதி, பிறகு அதே தமிழை மலையாள எழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுப்பேன். பஸ் போர்டுகளைப் பார்த்து நான் கற்றுக்கொண்ட மலையாள எழுத்து இப்படி உதவியது.

அத்தைமாரில் முதன்மையானவர் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. வந்த புதிதில் ஊர் வழக்கப்படி மதினி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பிப் பார்த்தார். அதிலிருந்து எல்லோரையும்போல எனக்கும் சேச்சிதான். சுள்ளிக்கலில் வீடு. தெருவில் பாதிப் பெண்களுக்கு ஏதோ ஒரு வழியில் அத்தை. கணீரென்ற குரல், கூடவே சின்ன வயதிலிருந்து விடாத இழுப்பு. இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். கைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். மைக்கைப் பிடித்தால் விடவும் மாட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தில்தான் அது நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மலையாளிகள். சேச்சி மேடையேறி என் மடலை ஆரம்பித்தார். கடலலை வந்தது, கனிவு வந்தது, கழனியும் வந்தது. கழனியை உழும் இடத்தில் சேச்சிக்கு மூச்சு முட்டியது. நிறுத்தினார். அவர் நிறுத்தியதும் மாப்பிள்ளை வீட்டார் முடிந்துவிட்டதென்று கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்ட நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கெட்டிமேளம் கொட்டச் சொல்லிவிட்டார். அதுவரை பொறுமையாக உட்கார்ந்திருந்த கூட்டம் முதல் பந்தியில் இடம் பிடிக்க எழுந்து ஓடியது. சேச்சி பேப்பரை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

மடலில் முக்கால் பங்கு பாக்கி இருந்தது. யாராவது கேட்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன். பந்தியில் கேட்கவில்லை, பாயசத்தின்போதும் கேட்கவில்லை. கல்யாணப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மடல் அசலாயிருந்துச்சு ஆன்ட்டி" என்றாள், பிரமாதம் என்ற அர்த்தத்தில். அவள் முகத்தில் கேலி எதுவும் இல்லை. மனசாரத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வரும்போலிருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் மாநகராட்சியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். எதையும் பதற்றமில்லாமல் கேட்பார்.

"அதுக்கெந்தா இப்போ? பாதியில நிறுத்தினதால ஊண் சீக்கிரம் கிடைச்சுது. எல்லாருக்கும் சந்தோஷம்" என்றார்.

அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாடு பழைய குழம்புதான். ஆனால் அவர் சொன்னது உண்மை என்பது எனக்கும் தெரிந்திருந்தது. வாசிக்காமல் விட்டதை ஒருவரும் தேடவில்லை என்றால், வாசித்ததையும் ஒருவரும் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்.

சேச்சியின் இழுப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பழையபடியே இருந்திருப்பேன். ஆனால் அந்த வருஷமே என் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. வைட்டிலாவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையன்தான் மாப்பிள்ளை. எதிர்க்கரை வைப்பின் தீவுக்காரன், மலையாளி, தங்கமான பையன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளிடம் சொல்ல வேண்டியது மட்டும் ஒன்று இருந்தது.

எனக்குக் கல்யாணமான புதிதில், அம்மா வீட்டுக்குப் போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. பொங்கல், கோயில் கொடை, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போவது, இப்படி ஏதாவது. ஒருமுறை காரணமில்லாமல் கிளம்பிப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மா வெலவெலத்துப் போய், "என்ன விஷயம்?" என்றாள். எதிர்வீட்டுக்காரியும் வந்து அதையே கேட்டாள். ஒரு விஷயமும் இல்லையென்று சொன்னால் இருவரும் நம்பவில்லை. அதற்கப்புறம் காரணம் கிடைக்கும்வரை ஏங்கிக்கொண்டு இருந்துவிடுவேன். என் பெண்ணுக்கு அந்த ஏக்கம் வரக் கூடாது. தோன்றினால் அவள் வர வேண்டும். அது ஒன்றுதான் நான் சொல்ல விரும்பியது.

நேரில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. நான் ஆரம்பித்தால் குரல் உடைந்துவிடும். அவள் "சரிம்மா, மதி, போதும்" என்று போனை எடுத்துவிடுவாள். அதோடு, இது அவள் காதில் மட்டும் விழுந்தால் போதாது. நாளைக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் மாமியார் வீட்டில் யாரும் ஏன் என்று முகத்தைப் பார்க்கக் கூடாது. எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லிவிட வேண்டும். அதற்கென்றே அமைந்த ஒரு மடல் என் கையில் இருக்கும்போது வேறு வழி எதற்கு?

எழுதினேன். முன் எப்போதையும்விடப் பிரமாதமாக எழுதினேன். முடித்ததும் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். நெயில் பாலிஷ் காயக் கையை விரித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் கடைசிவரை கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கும்மா. பக்ஷே இதுல நான் எவிடெ?"

"எங்கேன்னா என்ன அர்த்தம்? எல்லாம் உன்னைப் பத்தித்தானே!"

"பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதுதானே எழுதின? கழனி, உழவு எல்லாம் அதுலயும் உண்டாயிருந்துச்சே. நான் எப்போம்மா வயல்ல இறங்கினேன்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தமிழ் படிக்காத உனக்கு என்ன தெரியும் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். அவள் போன பிறகு, நான் சொல்ல வந்த அந்த ஒன்று எங்கே இருக்கிறதென்று தேடினேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், 'பிறந்தகத்தின் வாயிற்கதவம் என்றென்றும் திறந்திருக்கும் எனும் பேருண்மையை நெஞ்சில் நிறுத்தி, புகுந்தகத்தின் புகழ் விளக்காய்ப் பொலிந்து...' என்று கிடந்தது. வாயிற்கதவம்! எங்கள் வீட்டில் இருப்பது துருப்பிடித்த இரும்பு கேட். மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், உதைத்துத்தான் திறக்க வேண்டும்.

மறுநாள் கடை விட்டதும் நேராகச் சேச்சி வீட்டுக்குப் போனேன். ஒத்திகை பார்த்தால் வழி பிறக்கும் என்று எண்ணம். சேச்சி சாயா போட்டு, பழம்பொரியைத் தட்டில் வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாரானார்.

"நீ பேடிக்கண்டா, பயமே வேண்டாம். நம்ம மோள் கல்யாணம். நான் கலக்கிடுவேன்" என்றார்.

முதல் வரியின் பாதியில் நின்றார். இரண்டாவது மூச்சில் கொஞ்ச தூரம் போனார். மூன்றாவதில், தோன்றியது யார், உழுதது யார் என்று அவருக்கே பிடி விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். "சாரமில்ல, பரவாயில்ல, இடையில பஃப் எடுத்துட்டு வாசிச்சோளாம்" என்று இன்ஹேலரை எடுத்து மடலுக்குப் பக்கத்தில் வைத்தார். மேடையில் மைக்கில் இன்ஹேலர் சத்தம் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். வேறு அத்தையை ஏற்பாடு செய்யலாமா என்று ஒரு நினைப்பும் வந்தது. அப்பாவோடு கூடப் பிறந்த அத்தை உயிரோடு இருக்கும்போது அந்தப் பேச்சை எடுத்தால் கல்யாணமே நின்றாலும் நிற்கும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, சேச்சிக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடியே, நானே மெல்ல வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். எனக்கு இழுப்பு கிடையாது. எனக்கும் மூச்சு போதவில்லை. அதைவிட மோசம், மூச்சு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. எழுதியவள் நான். கேட்கிறவர்களின் கதி என்ன?

அங்கேயே நின்றபடி ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த முறை சேச்சியின் மூச்சுக்கு எழுதுவது.

ஆவேசமாக வெட்டினேன். திருநகர் போயிற்று, கழனி போயிற்று, கதவம் போயிற்று. ஒரு மூச்சுக்கு ஒரு சேதி. 'நீ எங்கள் மகள். நீ நல்ல பெண். நீ இன்று மணமாகிறாய். நீ வைப்பினுக்குப் போகிறாய். நீ வீட்டுக்கு எப்போதும் வரலாம்.' கொண்டுபோய்க் கொடுத்தேன். சேச்சி சாயா ஆறுவதற்குள் வாசித்து முடித்துவிட்டு, பேப்பரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தீர்ந்நோ?"

"ஆமா சேச்சி. இப்போ மூச்சு முட்டலையே?"

"முட்டல. ஆனா இதென்ன, குப்பையைத் தரம் பிரிச்சுப் போடணும்னு கார்ப்பரேஷன் வண்டியில சொல்லிட்டுப் போற மாதிரி இருக்கு?" என்றார். முகம் வாடியிருந்தது. மருமகள் கல்யாணத்தில் இவ்வளவுதான் தன் பங்கா என்கிற வருத்தம்.

அவருடைய வருத்தம் நியாயமானது. எல்லா வாக்கியமும் ஒரே அளவில், ஒரே மாதிரி 'நீ' என்று வந்து விழுந்துகொண்டிருந்தது. கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த வரி என்னவென்று தெரிந்துகொள்ள ஒருவருக்கும் ஆசை வராது. நீளமாக எழுதுவது குற்றம் என்று நானாக நினைத்துக்கொண்டது தவறு. நீள வாக்கியத்துக்குள் கேட்கிறவரும் கூடவே நடந்து வர முடிந்தால் அவர் நீளத்தைக் கவனிப்பதே இல்லை. என் பழைய வாக்கியங்கள் அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே என்ன நடக்கிறதென்று கடைசியில்தான் சொல்லும். அதுதான் வினை.

அதற்கப்புறம் எழுதியதெல்லாம் அடுப்படியில். வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன், பிடித்தால் மட்டும் எழுதுவேன். 'குணநலன்' என்று எழுதிய இடத்தில் அவள் செய்த ஏதாவது ஒன்றைப் போடு என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். உடனே சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஞாபகங்கள் குவியலாக வந்தன, எதை விடுவது என்பதில் பாடாய்ப்பட்டேன். முதல் பள்ளி நாள், காது குத்து, பரிசுக் கோப்பை எல்லாவற்றையும் எழுதி, எல்லாவற்றையும் அடித்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் காது குத்தத்தான் குத்துகிறார்கள்.

கடைசியில் நின்றது இது: 'நீ பிறந்த அன்று கொச்சியில் நல்ல மழை. உன் அப்பா தொப்பலாக நனைந்து வந்து, ஈரக் கையோடு குழந்தையைத் தொடக் கூடாது என்று சொன்ன நர்ஸிடம் சண்டை போட்டு, தோற்று, தலையைத் துவட்டிக்கொண்ட பிறகு உன்னைத் தூக்கினார். அன்றிலிருந்து உன்னை இறக்கிவிடவே இல்லை. உனக்கு வேலை கிடைத்துச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும், மத்தி மீனில் முள் எடுத்துத் தருவது அவர்தான். மாப்பிள்ளை, இனி இது உங்கள் வேலை.' இந்த இடத்தில் சேச்சி மூச்சு வாங்கட்டும் என்று ஒரு பத்தி இடைவெளி விட்டேன். மூச்சுக்கு விட்ட இடம் சிரிப்புக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அதன்பிறகு வைப்பினைப் பற்றிச் சிறிது, அவள் கோபத்தைப் பற்றிச் சிறிது. முடிவில், நான் சொல்ல வந்தது: 'நம் வீட்டுக்கு வர உனக்கு ஒரு விஷயமும் வேண்டாம். சும்மா வா.'

'சும்மா வா' என்பதை எழுதக் கை கூசியது. வாழ்த்து மடலில் யாராவது இப்படி எழுதுவார்களா? அதன் பின்னால் ஒரு 'வாழ்க வளமுடன்' சேர்த்தால் என்ன என்று பேனா துடித்தது. சேர்த்தேன், அடித்தேன், மறுபடி சேர்த்தேன். மலையாள எழுத்தில் பெயர்த்து எழுதும்போது முழுசாக விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று நாதஸ்வரக்காரரைத் தனியாகப் பிடித்து, நான் கையைக் காட்டும்வரை வாத்தியத்தில் வாயை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவருக்கு என்மேல் வருத்தம். தாலி ஏறியது. சேச்சி புதுப் பட்டு சரசரக்க மேடையேறி, மைக்கைத் தட்டிப் பார்த்து, ஆரம்பித்தார். மழை பெய்தது. நர்ஸ் வந்தாள். முள் எடுக்கும் இடத்தில் மண்டபம் சிரித்தது, மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்தே சிரித்தார்கள். அவர்களுக்கும் புரிகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கணவர் கைக்குட்டையை எடுத்து, மூக்கைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்தார். முதல் பந்திக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

சேச்சி கடைசி வரிகளுக்கு வந்தார். "நம் வீட்டுக்கு வர உனக்கு ஒரு விஷயமும் வேண்டாம்." பாடுபட்டு இடைவெளியெல்லாம் விட்டு எழுதியிருந்தும், நான் விடாத இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு ஏறி இறங்குவது மைக்கில் கேட்டது. நான் நாதஸ்வரக்காரரை முறைத்துக்கொண்டிருந்தேன். "சும்மா வா" என்று முடித்தார்.

யாரும் கைதட்டவில்லை. முடிந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்து, நான் அவசரமாகக் கையைக் காட்டினேன், மேளம் கொட்டியது. மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து, மாலையில் சிக்கிக்கொண்ட சங்கிலியை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. அன்று முழுக்க மடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் வண்டி ஏறும்போது, "அம்மா, என் சார்ஜர் மேசமேல இருக்கு, கொடுத்துவிடு" என்றாள். அவ்வளவுதான். சரி, பெற்றவள் கடமைக்கு எழுதியாயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. கேட்டாளா, கேட்கவில்லையா என்று கேட்டுவிடவும் வெட்கமாக இருந்தது.

பிறகு மறுவீடு வந்தாள், விஷுவுக்கு வந்தாள், சேச்சிக்கு உடம்பு சரியில்லாதபோது பார்க்க வந்தாள். எல்லாம் காரணத்தோடு வந்த வருகைகள். நானும் அப்படித்தானே இருந்தேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மத்தியானம் எனக்குக் கடை விடுமுறை. அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். கேட்டை யாரோ உதைக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் மகள். வைப்பினிலிருந்து படகேறி, இக்கரையில் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள், தோளில் வெறும் கைப்பை. குடையை மூலையில் சாத்திவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் மீன் சட்டியைத் திறந்து பார்த்தாள்.

என் வாயில் அந்தக் கேள்வி வந்து நின்றது. பல்லைக் கடித்து அடக்கினேன். இவர் அடக்கவில்லை.

"எந்தா மோளே, என்ன விஷயம்?" என்றார். என் அம்மா கேட்ட அதே பயத்தோடு.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் இல்லாத ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு, சேச்சியின் கணீர்க் குரலில், "நம் வீட்டுக்கு வர உனக்கு ஒரு விஷயமும் வேண்டாம்" என்றாள். நிறுத்தினாள். நெஞ்சை உயர்த்தி, சேச்சி இழுத்த அதே இழுப்பை இழுத்து, மூச்சை விட்டாள்.

"சும்மா வா."

இவர் சிரித்துக்கொண்டே மத்தி மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார். நான் சோறு எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போனேன்.